கறுப்புக் குடைக்குள் எரிந்த லைற்

எங்கள் வீட்டில் அந்த வருடம் எல்லாரும் கோபமாக இருந்தார்கள். அப்பாவுக்குக் கட்டாரிலிருந்து திரும்பி வந்த கோபம். மாமாவுக்கு அப்பா திரும்பி வந்த கோபம். அம்மாவுக்கு இன்னது என்று சொல்ல முடியாத ஒரு கோபம். அதை அவர் குசினிக்குள் சட்டி பானைகளோடு பங்குபோட்டுக்கொண்டிருந்தார். முன்வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உங்கடை வீட்டிலை தேத்தண்ணி கொதிக்க நெருப்பே தேவையில்லைப் போல கிடக்கு" என்று சொன்னது இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. ஆட்கள் போகிறபோக்கில் சொல்லுகிறவற்றைப் பொறுக்கி வைக்கிற பழக்கம் எனக்கு அப்போதே தொடங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அப்படிப் பொறுக்கிப் படித்ததுதான் கூட.

எங்கள் வீடு கொக்குவிலில் ஒரு முட்டு ஒழுங்கையின் கடைசியில் இருந்தது. இரண்டு பக்கமும் மதில். "உந்த ஒழுங்கைக்குள்ளை வந்தா சைக்கிளும் மூச்சை இழுத்துப் பிடிக்கோணும்" என்பார் தபால்காரர். வாகனம் உள்ளே வந்தால் திரும்ப இடமில்லை. ஆகவே பெருந்தெருவிலேயே திருப்பி, முதுகைக் காட்டிக்கொண்டு, ஒழுங்கை முழுக்கப் பின்னாலேயே வந்துதான் எங்கள் கேற்றுக்குள் நுழைய வேண்டும். மற்ற வீட்டுக்காரர் முன் லைற்றைத் துடைத்து மினுக்குவார்கள். எங்களுக்குப் பின் லைற்றுத்தான் கண்.

எங்களிடம் ஒரு பழைய வான் இருந்தது. அப்பா விடுமுறையில் வந்தபோது வாங்கியது. வாங்கும்போதே அதற்கு அம்மாவின் வயது இருக்கும். வாங்கிய மூன்றாம் கிழமையே அப்பா திரும்பிப் போய்விட்டார். வானை மாமாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. கலியாணம் கட்டாதவர், எங்களோடேயே இருந்தவர். கலியாண வீடு, கோயில், ஆசுப்பத்திரி என்று அந்த வானை வாடகைக்கு ஓடினார்.

சில மாதம் கழித்துக் கட்டாரிலிருந்து ஊருக்கு வந்த ஒருவரிடம் அப்பா ஒரு பார்சல் கொடுத்துவிட்டிருந்தார். எனக்குப் பூ வைத்த ஒரு சோடிச் சப்பாத்து. உள்ளங்கையளவில் சின்னச் சின்னச் சட்டைகள் ஐந்தாறு, ஏனென்றால் அம்மாவுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. அதோடு சவர்க்காரப் பெட்டி அளவில் கறுப்பாக ஒரு பெட்டி. றிவேர்ஸ் போட்டால் பாடுகிற பெட்டி.

மாமா அதை றிவேர்ஸ் லைற்றின் வயரோடு சேர்த்துப் பூட்டினார். லைற் எரியும், கூடவே பாட்டும் வரும். கிலுகிலுப்பையை விடாமல் ஆட்டினதுபோல ஒரு துள்ளல் மெட்டு. அது கேட்டதும் ஒழுங்கைப் பிள்ளைகள் நாங்கள் எல்லாரும் போட்டது போட்டபடி ஓடிவந்து, வான் வருகிற வழியில் கைதட்டி ஆடிக்கொண்டு வருவோம். மாமா யன்னலால் தலையை நீட்டி, "தள்ளி வாருங்கோடா, வானுக்குப் பாட்டுத்தான் வரும், பார்வை வராது" என்று கத்துவார். உள்ளே வந்ததும் ஆளுக்கொரு ரொபி தருவார். ஒருமுறை அப்பா ரெலிபோனில் அந்தப் பாட்டைக் கேட்க ஆசைப்பட்டார். மாமா ரெலிபோனை என்னிடம் தந்து பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, வானை முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்துக் காட்டினார். "சின்னன் பிறந்து வந்தா உதைக் கேட்டுத்தான் நித்திரை கொள்ளும், பாருங்கோ" என்று அப்பா அந்தப் பக்கத்திலிருந்து சிரித்தது கேட்டது.

அம்மா ஆசுப்பத்திரிக்குப் போன கிழமை என்னைத் தெல்லிப்பழையில் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். எனக்கு ஐந்து வயது. திரும்பி வந்தபோது அம்மா மெலிந்திருந்தார். பாப்பா இல்லை. வானில் பாட்டும் இல்லை. பாப்பாவைப் பற்றி அம்மாவிடம் கேட்கவே கூடாது என்று பெரியம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆகவே நான் பாட்டைப் பற்றி மட்டும் கேட்டேன். "பெட்டி பழுதாப் போச்சு" என்றார் மாமா. பாப்பாவை ஆசுப்பத்திரிக்காரர் வைத்துக்கொண்டார்கள் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்து, கொஞ்ச நாளில் மறந்தும் போனேன். அன்றிலிருந்து மாமா யன்னலால் தலையை நீட்டித்தான் பின்னுக்கு வருவார். பின்னால் நின்று "வரலாம், வரலாம்" என்று சொல்லுவது என் வேலை.

இரண்டு வருடம் கழித்து ஒப்பந்தம் முடிந்து அப்பா வந்தார். வந்த நாள் முதல் அவருக்கு எதைப் பார்த்தாலும் பிழை. கிணற்றுக் கயிறு பிழை, கேற்றின் பூட்டுப் பிழை, என் கையெழுத்துப் பிழை. "கட்டாரிலை ஒரு ஆணி துலைஞ்சாலும் அதுக்கொரு கடிதம் எழுதிக் குடுக்கோணும்" என்பார். "அப்ப அங்கை ஆணியைவிடக் கடிதம்தான் கனக்க" என்று மாமா கிணற்றடியில் வைத்து எனக்கு மட்டும் கேட்கச் சொல்லுவார். வானின் சாவியை அப்பா வந்த அன்றே வாங்கி இடுப்பில் செருகிவிட்டார். பாட்டு எங்கே என்று கேட்டதற்கு, "பெட்டி பழுதாப் போச்சு" என்றே மாமா அவருக்கும் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதென்று தீர்மானித்தார். திருநெல்வேலிப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு தாய்மார் சரி சொல்லிவிட்டார்கள். வாகனம் நல்ல நிலையில் இருக்கிறது என்று பரிசோதகர் கையெழுத்து வைத்த ஒரு தாள்தான் மிச்சம். அதற்குக் காலை எட்டு மணிக்கு வானைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

அதற்கு முதல்நாள் மத்தியானம், சாப்பிட்ட கையோடு, அப்பா ஒவ்வொரு லைற்றாகச் சோதித்தார். அவர் முன் சீற்றில். நான் பின்னால்.

"பிறேக்?"

"எரியுது."

"இடக்கைச் சிக்னல்?"

"எரியுது."

"வலக்கை?"

"எரியுது."

"றிவேர்ஸ்?"

"எரியேல்லையப்பா."

"வடிவாப் பார்!"

வெயிலில் கண் கூசியது. உள்ளே ஓடிப்போய் அம்மாவின் கறுப்புக் குடையை எடுத்துவந்து விரித்து, வானின் முதுகோடு ஒட்டிப் பிடித்து, அந்த இருட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் செத்துக் கிடந்தன.

அப்பா இறங்கி வந்த வேகத்தில் வான் ஒரு தரம் ஆடியது. "இரண்டு வரியமா உதை வைச்சு என்னடா செய்தனி?" என்று மாமாவைப் பார்த்துக் கத்தினார். "உன்னட்டைக் குடுத்ததுக்கு நான் வானைக் கிணத்துக்குள்ளை இறக்கிப்போட்டுப் போயிருக்கலாம். நனைஞ்சிருக்கும், ஆனா முழுசாக் கிடந்திருக்கும்."

மாமா வானின் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் அப்பாவுக்கு இன்னும் ஏறியது.

"நாளைக்கு உது பாஸ் பண்ணேல்லையெண்டா, நீ உன்ரை உடுப்பைக் கட்டிக்கொண்டு வெளிக்கிடு. பகிடிக்குச் சொல்லேல்லை."

குசினிக்குள் அம்மா திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு இரண்டு மடங்கு வேகத்தில் தொடங்கியது.

மாமா உள்ளே போனார். ஐந்து நிமிடத்தில் ஒரு சொப்பிங் பையோடு வந்து அதைத் தன் சைக்கிள் கைபிடியில் கொழுவினார். இரண்டு சேட்டு, ஒரு சாரம், சவரக்கத்தி. அவ்வளவுதான் அவருடைய சொத்து. "நாளைக்குத்தானே மாமா?" என்று கேட்டேன். "கட்டிற வேலை முடிஞ்சுதெண்டா மற்ற வேலையை நிம்மதியாப் பாக்கலாமெல்லே" என்று சொல்லிவிட்டு, வானின் பக்கத்தில் வந்து குந்தி, திருகாணிச் சாவிப் பெட்டியைத் திறந்து அப்பாவுக்குத் தேவையானதை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார். துரத்தப்படப்போகிற ஆள் துரத்துகிற ஆளுக்குத் திருகாணிச் சாவி எடுத்துக் கொடுத்ததை நான் அதற்குப் பிறகு எங்கும் பார்த்ததில்லை.

முதலில் பல்ப். அப்பா பின் லைற்றின் மூடியைக் கழற்றி, பல்ப்பை எடுத்து, இரண்டு துண்டு வயரால் நேரே பற்றறியில் பிடித்தார். எரிந்தது. மற்றப் பக்கத்துப் பல்ப்பும் எரிந்தது. "பல்ப் சரி" என்றார், பல்ப் ஏதோ பொய் சொல்லித் தப்பிவிட்டதைப்போல. பல்ப் இருக்கிற குழிக்குள் பிடித்திருந்த துருவை மண்கடதாசியால் தேய்த்துத் திரும்பப் பூட்டினார்.

"இப்ப?"

"இல்லையப்பா."

அடுத்தது பியூஸ். ஸ்டியரிங்குக்குக் கீழே அப்பா தலையை விட்டபோது மாமா முதன்முதலாக வாய் திறந்தார். "சிக்னலுக்கும் உதுக்கும் ஒரே பியூஸ்தான் அத்தான். சிக்னல் எரியுதெண்டா பியூஸ் சரி."

"உன்னட்டை ஆரும் கேட்டவையோ?"

அப்பா பியூஸைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. மாமா சொன்னது சரி என்பதற்காக அந்தப் பியூஸின் மேலும் அவருக்குக் கோபம். திரும்பப் பூட்டிய சத்தத்திலே அது தெரிந்தது.

பிறகு ஒரு சாக்கை விரித்து வானுக்குக் கீழே மல்லாந்து புகுந்தார். றிவேர்ஸ் கியர் விழும்போது லைற்றுக்குச் சொல்லுகிற சுவிச் கியர் பெட்டியின் விலாவில் இருக்கிறது. வெளியே அவருடைய கால்கள் இரண்டும் மட்டும் தெரிந்தன. உள்ளேயிருந்து ஏச்சு வந்துகொண்டிருந்தது. வானே மாமாவை ஏசுவதுபோல இருந்தது. அப்பா அந்தச் சுவிச்சில் வந்து பூட்டியிருந்த இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொடுத்துப் பிடித்தார். சுவிச் பழுது என்றால் இப்போது எரிய வேண்டும்.

"இப்ப?"

"இல்லை."

"இப்ப பார்!"

"இல்லையப்பா."

நான் ஒவ்வொரு தரம் இல்லை என்னும்போதும் நானே அந்த லைற்றை ஊதி அணைப்பதுபோல அப்பா கத்தினார். "உனக்கும் உன்ரை மாமான்ரை கண்தான்!" குடையைப் பிடித்த கை நொந்தது. எனக்கு லைற் எரிய வேண்டும் என்பதில்லை. மாமா போகக் கூடாது. ஒருதரம் எரிகிறது என்று பொய் சொல்லிப் பார்ப்போமா என்றுகூட யோசித்தேன். நாளைக்குப் பரிசோதகரும் குடைக்குள் தலையை விட்டுப் பார்ப்பாரே என்று விட்டுவிட்டேன்.

"பல்ப்பும் சரி, பியூஸும் சரி, சுவிச்சும் சரியெண்டா, இடையிலை வயர்தான்" என்று அப்பா கீழேயிருந்து தனக்குத்தானே சொன்னார். முதுகால் தேய்ந்து தேய்ந்து, வயரைக் கையால் தடவிக்கொண்டு, முன்னிருந்து பின்னுக்கு வரத் தொடங்கினார். வானின் நடுப்பகுதியைத் தாண்டும்போது திருவலைச் சத்தம் குறைந்ததை நான் கவனித்தேன். பின் சில்லைத் தாண்டியபோது அது நின்றேவிட்டது. மாமா கையில் வைத்திருந்த குறட்டைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"ஆ! பிடிச்சிட்டன்! எலி! எலி கடிச்சிருக்கு!"

எனக்கு வந்த சந்தோசம் சொல்லி முடியாது. எலிதான் செய்தது, மாமா இல்லை. "மாமா, எலியாம்!" என்று துள்ளினேன். மாமா என்னைப் பார்க்கவில்லை.

பிறகு அப்பாவின் குரல் ஆறுதலாக வந்தது. அவர் கத்தாமல் கதைத்தது அன்றைக்கு அதுதான் முதல்தரம்.

"எந்த ஊர் எலியடா வயரைக் கத்தியாலை வெட்டிப்போட்டு, ரண்டு நுனிக்கும் ரேப்பும் சுத்திவிடுறது?"

வெளியே வந்தார். நெற்றியெல்லாம் கிறீஸ். "ஆர் வெட்டினது?"

"நான்தான் அத்தான்."

"ஏன்?"

மாமா குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்தார். "கை தவறிப் போச்சு."

"கை தவறித்தான் ரேப் சுத்தினியோ?" அப்பா கையை ஓங்கினார். கையில் பெரிய திருகாணிச் சாவி ஒன்று இருந்தது. அது மாமாவின் தலையைத் தாண்டிப் போய் மதிலில் பட்டு விழுந்தது. மதிலுக்கு அங்காலே முன்வீட்டு மாமியின் தலை சட்டென்று கீழே போனது. "நான் அங்கை நாற்பத்தெட்டுச் சூட்டுக்குள்ளை நிண்டு வேலை செய்து அனுப்பின பெட்டி! நீ இஞ்சை இருந்து வெட்டுறாய்! என்ன எரிச்சலடா உனக்கு? சொல்லன்!"

அப்பா திரும்பக் கீழே படுத்து வெட்டுப்பட்ட நுனிகளைப் பிடித்து முறுக்கத் தொடங்கியபோது மாமா குனிந்து, "அத்தான், ஒருக்காச் சொல்லுறதைக் கேளுங்கோ. பெட்டியின்ரை வயரைக் கழட்டிப்போட்டு லைற்றை மட்டும் தொடுங்கோ" என்றார். அப்படிக் கெஞ்சுகிற குரலில் மாமா கதைத்ததை நான் கேட்டதேயில்லை.

"உன்ரை புத்தி கேட்டுத்தான் நான் வயர் தொடுக்கோணும்!" என்றார் அப்பா.

தொடுத்து முடித்து, முன் சீற்றில் ஏறி, சாவியைத் திருப்பி, றிவேர்ஸைப் போட்டார். நான் குடைக்குள் இருந்தேன். கறுப்புத் துணியின் உள்பக்கம் முழுக்கப் பளீரென்று வெள்ளையானது.

"எரியுது! எரியுதப்பா! எரியுது!"

கூடவே அந்தப் பாட்டும் வந்தது. இரண்டு வருடமாகக் காணாமல் போயிருந்த என்னுடைய பாட்டு. மாமா இனிப் போகத் தேவையில்லை. நான் குடையைத் தோளில் வைத்துச் சுழற்றிக்கொண்டு ஆடினேன். ஒழுங்கைப் பிள்ளைகள் மூன்று நாலு பேர் பழைய ஞாபகத்தில் கேற்றடிக்கு ஓடிவந்து கைதட்டினார்கள்.

என் கன்னத்தில் அடி விழுந்தது. அம்மா. கையெல்லாம் தேங்காய்ப்பூ, அது என் கன்னத்திலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொண்டது. அம்மா என்னை அதற்கு முதலும் அடித்ததில்லை, அதற்குப் பிறகும் அடித்ததில்லை.

"நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ அதை!"

அப்பா சாவியைத் திருப்பினார். பாட்டு பாதியில் அறுந்தது. கேற்றடிப் பிள்ளைகள் பறந்துவிட்டார்கள்.

"உந்தப் பாட்டோடைதான் நான் என்ரை பிள்ளையைக் கொண்டந்தனான்" என்றார் அம்மா. அது கத்தல் இல்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "அவன் ஏன் வெட்டினவன் எண்டு நீங்கள் கேக்கிறியள். வந்து ரண்டு மாசமாச்சு. பிள்ளைக்கு என்ன நடந்தது எண்டு ஒரு சொல்லுக் கேட்டியளோ? ஆணி எங்கை, சாவி எங்கை, பல்ப் எங்கை! அவன் பேச்சு வாங்கிறான், நானும் பாத்துக்கொண்டு தேங்காய் துருவுறன். எங்களுக்கு வெக்கமில்லை."

குசினிக் கதவு சாத்தப்பட்டது.

நான் கன்னத்தைப் பொத்திக்கொண்டு தேசிக்காய் மரத்துக்குக் கீழே போய் இருந்தேன். எனக்கு ஒரே குழப்பம். அம்மாவின் பிள்ளை நான்தானே. என்னை எப்போது பாட்டோடு கொண்டுவந்தார்? எரிகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன். எரிகிறது என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். அதற்கு அடியா? அந்த அடிக்காக நான் அம்மாவோடு கனகாலம் கோபமாக இருந்தேன். அந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த பங்கு அது.

அப்பா முன் சீற்றிலேயே இருந்தார். மாமா யன்னலடியில் நின்று, வானின் கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மரத்தடியில் எனக்கு எல்லாம் கேட்டது. அன்றைக்கு அக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நடுச் சீற்றில் இருந்தாவாம். வீட்டுக்கு ஒருக்காக் கொண்டுபோய்விட்டுத்தான் மயானத்துக்குக் கொண்டுபோக வேணும் என்று பிடிவாதமாம். பெருந்தெருவில் திருப்பி றிவேர்ஸைப் போடுமட்டும் பாட்டின் நினைப்பு மாமாவுக்கு வரவில்லையாம். பாட்டைக் கேட்டு ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் கைதட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்களாம்.

"பாதி ஒழுங்கையிலை நிப்பாட்டி, இறங்கிப் போய்ப் படுத்து வெட்டினன் அத்தான். எந்த வயர் லைற், எந்த வயர் பாட்டு எண்டு பாக்க எனக்குக் கண் தெரியேல்லை. சேத்து வெட்டிப்போட்டன்." "பேந்து ரேப்பைச் சுத்திவிட்டன். தொடுக்க மனம் வரேல்லை" என்றார்.

அப்பா நெற்றிக் கிறீஸைச் சேட்டுக் கையால் துடைத்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எங்கை?"

"கிழக்குப் பக்கம். வேம்புக்குக் கீழை."

இவ்வளவையும் கேட்டேன். விளங்கியது எத்தனையோ வருடம் கழித்து. எங்களில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. பிறந்து ஒருநாள்கூட இராத பிள்ளைக்கு எட்டுச்செலவு, முப்பத்தொன்று என்று ஒரு சாவுச் சடங்கும் இல்லை. பெயரும் இல்லை, சுவரில் மாட்ட ஒரு படமும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் அப்பாவுக்கு ரெலிபோனில் சொன்னார்களாம். இரண்டு வருடம் கழித்து அவர் வந்து இறங்கியபோது அந்த வீட்டில் அவருக்கு அழுவதற்கென்று ஒரு சாமானும் இருக்கவில்லை. கோபிப்பதற்கு மட்டும் ஒரு வான் நின்றது. மூன்று வளர்ந்த ஆட்கள் ஒரு வீட்டுக்குள் ஒரு சொல்லைச் சொல்ல மாட்டாமல் பல்ப்பையும் பியூஸையும் பழுது பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா இறங்கினார். சைக்கிள் கைபிடியில் கொழுவியிருந்த சொப்பிங் பையை எடுத்துக்கொண்டுபோய் உள்ளே மாமாவின் கட்டிலில் வைத்தார். பிறகு வானுக்குக் கீழே படுத்துப் பாட்டின் வயரை மட்டும் கழற்றினார். பெட்டியைப் பழைய துணியொன்றில் சுற்றி வானின் முன்தட்டு லாச்சிக்குள் வைத்தார். லைற்றை எப்படியும் சோதிக்க வேண்டியிருந்தது. என்னைக் கூப்பிடவில்லை. மாமா போய்க் குடையைப் பிடித்தார். "எரியுது அத்தான்" என்றார்.

அடுத்தநாள் காலை பரிசோதனைக்கு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சமாதானம் செய்ய நினைத்தாராக்கும். நான் குடையையும் கொண்டுபோனேன், பரிசோதகருக்குத் தேவைப்படுமே. அவர் சில்லுகளைக் காலால் ஒருதரம் தட்டினார், ஹோர்னை அடித்துப் பார்த்தார், பின்பக்கம் போகவேயில்லை. கையெழுத்து வைத்துத் தந்துவிட்டார். ஒரு வீட்டையே இரண்டாக்கிய லைற்றை அவர் எட்டியும் பார்க்கவில்லை.

வரும் வழியில் அப்பா வேறொரு தெருவால் திரும்பினார். எனக்குத் தெரியாத தெரு. எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் ஒருவருக்கும் தெரிய நியாயமில்லாத தெரு என்பது இப்போது தெரிகிறது. ஒரு பெரிய மணல் வெளிக்கு முன்னால் வானை நிறுத்தினார். தூரத்தில், கிழக்கு எல்லையில், ஒரு வேம்பு நின்றது. "நீ உள்ளுக்கு வராதை, தெருவிலை நில்லு" என்றார். சாக்கை எடுத்து விரித்து வானின் பின்பக்கம் படுத்தார். லாச்சிக்குள் துணியில் சுற்றி வைத்த பெட்டி அவர் கையில் இருந்தது. ஐந்து நிமிடம் சென்றிருக்கும், எழும்பினார். மணலைத் தட்டிவிட்டு உள்ளே ஏறினார்.

"பிள்ளை, லைற் எரியுதோ எண்டு பார்."

வானைத் தெருவில் திருப்பி, அந்த வெளிக்குள் வேம்பை நோக்கி ஆறுதலாகப் பின்னுக்கு எடுத்தார். பாட்டு வந்தது. நான் தெருவோரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, வான் என்னைக் கடக்கும்போது பின் லைற்றைப் பார்த்தேன். ஆடவில்லை. கன்னத்தில் விழுந்த அடி இன்னும் நினைவிருந்தது.

"எரியுதப்பா!"

அவர் முன்னுக்கு எடுத்துத் தெருவரைக்கும் வந்தார். திரும்பவும் பின்னுக்குப் போனார். பாட்டு வெளியெல்லாம் துள்ளிக்கொண்டு போனது. கைதட்ட அங்கே ஒரு பிள்ளையும் இல்லை.

"எரியுதப்பா!"

மூன்றாம் தரம். நாலாம் தரம். வெயில் ஏறிவிட்டது. எனக்குப் பசி. நேற்று முழுக்க எரியாத லைற் எரிகிறது. பரிசோதகர் கையெழுத்தும் வைத்தாயிற்று. இந்த அப்பாவுக்கு ஏன் இன்னும் நம்பிக்கை வரவில்லை? எனக்கு வந்த கோபத்தில் குடையை மடக்கி நிலத்தில் குத்தினேன்.

"எரியுதெண்டு எத்தினை தரம் சொல்லுறது! வடிவா எரியுது! வாங்கோ, வீட்டை போவம்!"

அப்பா யன்னலால் தலையை நீட்டவில்லை, என்னை ஏசவும் இல்லை. வானை முன்னுக்கு எடுத்தார். திரும்பவும் பின்னுக்கு வந்தார்.